ஓசை யார் கணக்கில்?

வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே ஒரு சிறு விமானத்தைக் கட்டி முடிக்கிறார் ஒருவர். காரிலிருந்து எடுத்த ரோட்டரி எஞ்சினை அதில் பொருத்துகிறார். எடை கூடும், வேகம் குறையும் என்று சைலன்சரை விட்டுவிட்டு, புகைக்குழாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு பறக்கிறார். கீழே ஓர் ஊர். இரவு ஷிஃப்டில் தறி ஓட்டிவிட்டுப் பகலில் கண்ணயர்ந்த தொழிலாளி எழுந்து உட்கார்கிறார், தொட்டில் குழந்தை வீறிடுகிறது. விமானம் யார்மீதும் விழவில்லை, யாருக்கும் காயம் இல்லை, சட்டப்படி அவர்மேல் குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் செய்தது வெறும் நாகரிகக் குறைவா, அறப்பிழையா? இரண்டும் ஒன்றல்ல. நாகரிகக் குறைவென்றால் முகம் சுளித்துவிட்டுப் போய்விடலாம். அறப்பிழை என்றால் அது அவர் கணக்கில் ஏறும், அவர் பதில் சொல்லியாக வேண்டும். அது அறப்பிழைதான் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கான காரணங்கள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. நம் சமயங்கள் ஓசையைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவந்ததிலேயே அவை இருக்கின்றன.

அந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர் என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள இந்த ஊரின் பால்வண்ணநாதர் கோயில், தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் தீக்குரியது. சங்கரன்கோவில் மண்ணுக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் ஆகாயத்துக்கும் உரியவை. ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம், அவ்வளவு நெருக்கம். தீயில் பிறந்து, காற்றை உதைத்து, ஆகாயத்தில் ஏறி, மண்மேல் வாழ்பவர் காதில் முடிகிற ஒன்றைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை. கேள்வி வெறும் கற்பனையும் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயன்றுவருகிறது. கரிசல் காட்டின் மேலே சிறு விமானங்கள் நாளெல்லாம் வட்டமடிக்கும் காலம் வரலாம்.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசையும் நமக்குப் புதியதல்ல. 1910இல் சென்னையில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியைக் கொண்டு தமக்கென ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நூறாண்டுக்குப் பிறகு, 2014இல், இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் கட்டிய இருவர் அமரும் சிறு விமானம் நம் அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறில் பறந்தது. சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். அவரைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. ரோட்டரி எஞ்சினும் இந்திய வானத்துக்கு அந்நியமில்லை. தேசிய விண்வெளி ஆய்வகமும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் வாகன ஆய்வுக்கூடமும் கூடி உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின், 2009 மார்ச்சில் கோலாரில் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

எஞ்சினைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அறக்கேள்வியின் பாதி அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்து 1957இல் ஜெர்மனியில் முதன்முதலில் ஓடிய இந்த எஞ்சினில் பிஸ்டன் இல்லை, மேலும் கீழும் போகும் வால்வும் இல்லை. இடுப்பு சிறுத்த முட்டை போன்ற ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டார் ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முகங்களிலும் உறிஞ்சல், அமுக்கம், எரிப்பு, வெளியேற்றம் மாறி மாறி நடக்கின்றன. நடுத்தண்டு ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு வெடிப்பைத் தருகிறது. வீட்டு விமானம் கட்டுவோர் மிகுதியும் விரும்பும் மாஸ்டா 13பி எஞ்சினில் இரண்டு ரோட்டார்கள், ஒவ்வொன்றும் 654 சி.சி. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது ஓடினால் நொடிக்கு 200 வெடிப்புகள். அதே அளவு விமானத்தில் வழக்கமாக இருக்கும் நான்கு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின் 2700 சுற்றில் நொடிக்கு 90 வெடிப்புகளே தரும். மனிதக் காது 90ஐவிட 200ஐக் கூர்மையாகக் கேட்கிற காது. இது ஒரு காரணம். அடுத்த காரணம் இன்னும் முக்கியமானது. பிஸ்டன் எஞ்சினில் வெளியேற்று வால்வு மெல்லத் தூக்கிக்கொண்டு திறக்கும். 13பியில் வாயில் கூட்டின் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ரோட்டாரின் முனை அதைக் கடந்த கணத்தில், இன்னும் அழுத்தம் அடங்காத, இன்னும் எரிந்துகொண்டிருக்கிற வாயு மொத்தமாக வெளியே பாய்கிறது. அதன் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், தாண்டுவதும் உண்டு. திறந்த குழாய்முன் நின்றால் கேட்பது உறுமல் அல்ல, வெட்டி வெட்டி விழும் அறை. எதிரே இருப்பவர் நெஞ்சிலும் அது படும்.

இதற்குக் காரின் சைலன்சரை எடுத்து மாட்டினால் போதாது. அதற்குள் குறுக்கே வைத்த தகடுகள் இந்த வெப்பத்தையும் அடியையும் தாங்குவதில்லை. சில மணி நேரம் பறந்த அப்படியொரு சைலன்சரை அறுத்துப் பார்த்தால் தகடுகளின் விளிம்பு நெளிந்திருக்கும், பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை போல விரிசல் ஓடியிருக்கும், உலோகம் வைக்கோல் மஞ்சளிலிருந்து கருநீலம்வரை நிறம் மாறியிருக்கும். துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடியிழை அடைத்த வகையில், இழை உருகியும் பொடிந்தும் புகையோடு வெளியே போய்விடும், மிஞ்சுவது வெறும் உறை. ஆகவே இதில் இறங்கியவர்கள் 321 ரகத் துருப்பிடிக்காத எஃகையோ இன்கோனல் உலோகக் கலவையையோ தேடிப் போகிறார்கள். வாயு போகும் வழியில் எதையும் குறுக்கே வைக்காமல், பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த கிளைக்குழாயைச் சேர்ப்பதும் உண்டு. ஓசையலையின் கால் பங்கு நீளத்தில் அந்தக் கிளை இருந்தால், அதன் அடிவரை போய்த் திரும்பும் அலை, புதிதாக வரும் அலைக்கு நேர் எதிராக விழுந்து அதைத் தணிக்கும். 900 டிகிரியில் ஓசை நொடிக்குச் சுமார் 690 மீட்டர் ஓடும். நொடிக்கு 200 அதிர்வு என்றால் அலை நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர், அதில் கால் பங்கு 86 சென்டிமீட்டர். கிளைக்குள் வாயு ஆறி 500 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 70 சென்டிமீட்டர் போதும். எஞ்சின் சுற்று மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆகவே எந்தச் சுற்றில் அதிக நேரம் பறப்போம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து அதற்கேற்ப வெட்ட வேண்டும். இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், ஓசையைக் குறைப்பது இயலாத காரியம் அல்ல, உழைப்பு கேட்கும் காரியம் என்பதைக் காட்டத்தான். இயலாததைச் செய்யாதவர்மேல் பழி இல்லை. இயன்றதைச் செய்யாதவர் நிலை வேறு.

இனி சமயத்துக்கு வரலாம். சைவ சித்தாந்தம் தத்துவங்களை எண்ணும்போது ஐந்து பூதங்களுக்கும் ஐந்து தன்மாத்திரைகளை, அதாவது நுண்ணிய புலன்குணங்களை, சேர்த்துச் சொல்கிறது. ஆகாயத்துக்கு ஓசை ஒன்றே குணம். காற்றுக்கு ஓசையும், தொடுவுணர்வாகிய ஊறும். தீக்கு ஓசை, ஊறு, ஒளி மூன்றும். நீருக்கு அவற்றோடு சுவை, மண்ணுக்கு அவற்றோடு நாற்றம். இந்த அடுக்கைப் பலர் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று பார்த்தால் ஒன்று தெரியும். ஐந்து பூதத்திலும் பொதுவாக இருக்கும் குணம் ஓசை மட்டுமே. ஒளி காற்றில் இல்லை, சுவை தீயில் இல்லை, நாற்றம் நீரில் இல்லை, ஓசையோ எங்கும் உண்டு. அப்படியானால் ஓசையை எழுப்புகிறவர் உலகின் ஏதோ ஒரு மூலையைத் தொடுவதில்லை. உடம்பெடுத்தோர் யாவரும் எதனால் ஆனவர்களோ அந்த ஐந்தையும் தொடுகிறார். ஒளி சுடுகிறதென்றால் நிழலில் ஒதுங்கலாம், கண்ணை மூடலாம். நாற்றம் என்றால் மூக்கைப் பொத்தலாம். ஓசைக்கு ஒதுங்கும் இடம் அரிது. செவிக்கு இமையும் இல்லை. தூங்கும்போதுகூட அது திறந்தே இருக்கிறது. தடுக்கும் வசதி கேட்பவருக்கு இல்லாதபோது, அடக்கும் பொறுப்பு எழுப்புகிறவர் பக்கம் போய்ச் சேர்கிறது. சித்தாந்த நூல்கள் இந்த முடிவை நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் அவை வகுத்த அடுக்கிலிருந்து இது தானாகவே வந்து விழுகிறது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, அதிக தூரமில்லாத கழுகுமலையில், இன்னொரு மரபு தன் சுவடுகளைப் பாறையில் விட்டுச் சென்றிருக்கிறது. அங்கே வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் சமணர்களுடையவை. ஓசை விஷயத்தில் சமணம் சைவத்தோடு உடன்படவில்லை. ஓசை ஆகாயத்தின் குணம் அல்ல, அது பருப்பொருளின் மாற்றங்களில் ஒன்று என்று சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தியே. சமண முனிவரான பவணந்தி, நன்னூலில் எழுத்துக்குக் காரணமான ஒலியை அணுக்களின் திரட்சியாகத்தான் கொள்கிறார். இன்றைய இயற்பியல் ஓசையைக் காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது என்கிறது. புதிதாக ஒரு பொருள் பறந்து வந்து மோதுவதில்லை, இருக்கும் காற்றே தள்ளப்படுகிறது. அந்த வகையில் சமணக் கருத்து முழுதும் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் அறத்துக்கு வேண்டிய இடத்தில் அது சரியாகவே நிற்கிறது. ஓசை இன்னொருவர் உடம்பின்மேல் போய்ப் படுகிற ஒரு செயல். செவிப்பறையை அது நகர்த்துகிறது, உறக்கத்தைக் கலைக்கிறது, நாடித் துடிப்பைக் கூட்டுகிறது. ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கினால் அது செயல் என்று ஒப்புக்கொள்கிறோம். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்து காற்றின் வழியே உலுக்கினாலும் அது செயல்தான்.

கெடுதல் செய்யும் எண்ணமே விமானிக்கு இல்லையே, எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் ஏது என்ற மறுப்பு இங்கே எழும். நல்ல மறுப்பு. எண்ணத்தை மையமாக வைத்து வினையை அளக்கும் மரபுகள் நம்மிடம் உண்டு. ஆனால் அதே தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையை அதன் வேராக வைக்கிறது. பகையால் மட்டுமல்ல, அசட்டையால் பிற உயிருக்கு நேரும் துன்பமும் இம்சையே. கவனத்தோடு நடந்தும் தவிர்க்க முடியாமல் நேர்ந்தது வேறு. திருக்குறள் இன்னா செய்யாமைக்கென்று தனி அதிகாரமே வைத்ததும் இந்த விரிந்த பொருளில்தான் என்பது என் கருத்து. ரோட்டரி எஞ்சினின் குழாய் எப்படிக் கத்தும், அதை எப்படித் தணிக்கலாம் என்று தெரிந்த பிறகு சைலன்சரை விட்டுவிடுவது அறியாமை ஆகாது. விமானம் கட்டுகிறவர் அறியாதவர் அல்லர். ஒவ்வொரு ரிவெட்டின் வலிமையையும் கணக்குப் போடுகிறவர், ஓசையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் அது அசட்டையே.

ஓசையை எங்கே நின்று அளப்பது என்பதை இந்த விவாதத்தின் மையமாகவே கருதுகிறேன். சஜி தாமஸை மீண்டும் நினைக்க வேண்டியது இங்கேதான். அவர் தம் எஞ்சின் எழுப்பும் ஓசையைக் கேட்டதில்லை. அதனால் அந்த ஓசை இல்லாமல் போய்விடவில்லை. அவருக்கு இயற்கை தந்த நிலையை மற்ற விமானிகள் தாங்களாகவே தேடிக்கொள்கிறார்கள். விமானம் ஓட்டுகிறவர் காதை இறுக மூடிய ஹெட்செட்டோடுதான் ஏறி உட்காருகிறார். புகைக்குழாய் அவருக்குக் கீழேயும் பின்னேயும் பார்த்திருக்கிறது. அவர் முன்னே போய்விடுகிறார், ஓசை ஊரின் மேல் இறங்குகிறது. ஆகவே தமக்கு எப்படிக் கேட்கிறது என்பதை வைத்து எந்த விமானியும் தம் ஓசையைத் தீர்ப்பிட முடியாது. பன்னாட்டுச் சிவில் விமான அமைப்பு இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சிறு புரொப்பெல்லர் விமானங்களுக்கான அதன் விதியில், ஓசையை அளக்கும் இடம் விமானம் ஓடத் தொடங்கும் புள்ளியிலிருந்து 2500 மீட்டர் தள்ளித் தரையில் இருக்கிறது. ஓசைக்குச் சாட்சி கேட்பவரே, எழுப்பியவர் அல்லர் என்ற நியாயம் அந்த விதிக்குள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட பரிந்துரையும் அதே பக்கம் நிற்கிறது. நாள் முழுவதற்குமான சராசரியில் சாலை ஓசைக்கு 53 டெசிபல், ரயிலுக்கு 54, விமானத்துக்கோ 45 என்று அது வரம்பு சொல்கிறது. அளவில் ஒன்றாக இருந்தாலும் வானத்திலிருந்து வரும் ஓசை மனிதரை அதிகம் வருத்துகிறது என்பதாலேயே இந்த வேறுபாடு. மேலிருந்து விழும் ஓசைக்குச் சுவரும் மதிலும் குறுக்கே நிற்பதில்லை.

பக்தர்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. நாதமே இறைவன், எல்லா ஓசையும் அவனிடமிருந்து பிறந்தது, கோயிலில் மணியும் சங்கும் தவிலும் முழங்குகின்றன, அப்படியிருக்க எஞ்சின் ஓசையை மட்டும் பாவம் என்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. இதற்கு விடை நாதத்தைப் போற்றும் அதே மரபுக்குள் இருக்கிறது. சித்தாந்தம் வாக்கை நான்காகப் பிரித்துச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று அடுக்குகிறது. வாய்விட்டுக் காதில் விழும் வைகரிதான் அவற்றில் கடைசி, மிகப் பருமையானது. சாதகர் போக வேண்டிய திசை பருமையிலிருந்து நுண்மைக்கு. ஓசை புனிதமானது என்று நம்புகிறவர் அதை வீணாக இறைக்க மாட்டார். தண்ணீரைக் கங்கை என்று கும்பிடுகிறவர் குழாயைத் திறந்துவிட்டுப் போகக் கூடாது என்பதுபோல. தவிலும் நாகஸ்வரமும் உரத்த வாத்தியங்கள்தாம், திறந்த வெளிக்கென்றே அமைந்தவை. ஆனால் அவை முழங்கும் நேரம் ஊருக்குத் தெரியும். காலமும் முறையும் உண்டு, ஊர் அதற்கு உடன்பட்டிருக்கிறது, முடிவும் உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் கோயிலும் கேள்விக்கு உட்பட்டதே. சென்னையில் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2000இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறியது. 2005இல் ஓசை மாசு பற்றிய வழக்கில், பேச உரிமை உள்ளவருக்கும் மற்றவரைக் கட்டாயமாகக் கேட்கவைக்கும் உரிமை இல்லை என்றது. இறைவனைப் பாடும் ஓசைக்கே இந்த எல்லை என்றால், ஒருவர் மகிழ்ச்சிக்காக எழும் ஓசைக்குக் கூடுதல் சலுகை கேட்க இடமில்லை.

இன்னொரு மறுப்பு நம் ஊர்களின் நிலையிலிருந்து வருகிறது. சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறி நாள் முழுதும் அடித்துக்கொண்டிருக்கிறது, பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிறது, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் நள்ளிரவுவரை ஓய்வதில்லை. இத்தனைக்கு நடுவே நாளுக்கு ஒருமுறை பறந்துபோகும் ஒரு சிறு விமானத்தைப் பிடித்துக்கொண்டு அறம் பேசுவது பொருத்தமா? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது நான் சொல்வதற்குத் துணையாகவே இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கட்டியும் நம் ஊர்கள் அதற்குள் வாழவில்லை. ஏற்கெனவே சுமை தாங்குகிறவர் முதுகில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஒன்றும் ஆகாது என்பது அறத்தின் குரல் அல்ல. தறியின் ஓசையை அந்தத் தெரு பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்த ஓசையில்தான் அந்த வீடுகளின் அடுப்பு எரிகிறது. கேட்பவருக்கு அதில் பங்கு உண்டு. விமானத்தின் ஓசையில் ஊருக்குப் பங்கு கிடையாது. இன்பம் முழுதும் மேலே இருப்பவருக்கு, ஓசை முழுதும் கீழே இருப்பவர்க்கு. இந்தப் பங்கீட்டின் கோணல்தான் இதை அறக்கேள்வியாக்குகிறது, டெசிபல் எண் அல்ல.

எடையும் திறனும் போகும் என்ற வாதம் பொறியியல் பக்கமிருந்து வருகிறது. சத்தம் இருந்தால்தான் சக்தி என்று பைக்கின் சைலன்சரைக் கழற்றுகிற இளைஞர்கள் நம்புகிறார்கள். அது தவறு. எஞ்சின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஓசையாக மாறுவதில்லை. ஓசையைத் தணிப்பதால் திறன் குறைவதில்லை, தணிக்கிற கருவி புகையின் வழியை அடைத்தால்தான் குறைகிறது. போதிய கொள்ளளவும் நேர்வழியும் உள்ள சைலன்சரில் அந்த இழப்பு சிறிது. ஆனால் எடை நிஜம். சில கிலோ எஃகு விமானத்தில் ஏறும், இடமும் கொடுக்க வேண்டும், கொஞ்சம் எரிபொருளோ ஒரு பெட்டியோ குறைத்துக்கொள்ள நேரிடலாம். கொடுக்கலாம் என்பதே என் பதில். எதையும் இழக்காமல் செய்யக்கூடியதைக் கடமை என்று யாரும் அழைப்பதில்லை. பலன் என்ன என்று கேட்டால், பத்து டெசிபல் குறைந்தால் ஓசையின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்று பொருள். கீழே நிற்பவர் காதுக்கு அது பாதியாகக் குறைந்தது போலத்தான் படும். ஒன்பது பங்கை நீக்கியும் பாதி நன்றிதான் கிடைக்கிறது என்பது கட்டுகிறவருக்குச் சோர்வு தரலாம். அந்தப் பாதிதான் தொட்டில் குழந்தை விழிப்பதற்கும் விழிக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. சைலன்சருக்குள் உடைந்த தகடு வெளிவழியை அடைத்தால் எஞ்சின் நடுவானில் திணறும். விரிசல் விட்ட குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு விமானிக்குத் தெரியாமலே அவரை மயக்கிவிடும். பழுக்கக் காய்ந்த உறை பக்கத்திலிருக்கும் எரிபொருள் குழாயைச் சுடலாம். திறந்த குழாயில் இந்த ஆபத்துகள் குறைவு. கீழே இருப்பவரின் காதுக்காக மேலே இருப்பவரின் உயிரைப் பணயம் வைக்கலாமா? கூடாது. உயிர் முதலில், அதில் பேச்சுக்கு இடமில்லை. அதுமட்டுமல்ல, மேலே எஞ்சின் நின்றால் கீழே இருப்பவரின் உயிருக்கும் ஆபத்துதான். ஆனால் இந்த மறுப்பு நிறுவுவது, மோசமான சைலன்சர் கூடாது என்பதை மட்டுமே. குறுக்குத் தகடே இல்லாத நேர்வழிக் குழாய், வாயு ஓடும் பாதைக்கு வெளியே இருக்கும் கிளைக்குழாய், வெப்பத்துக்குத் தக்க உலோகம், பறப்பதற்குமுன் ஒவ்வொரு முறையும் பற்றவைப்பு ஓரங்களைச் சோதிப்பது, விமானி அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி என்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியும் ஒத்துவரவில்லை என்றால் கடமை ஒழிந்துபோவதில்லை, உருமாறுகிறது. ஊரைச் சுற்றிப் போவது, சீக்கிரம் உயரம் பிடிப்பது, விடியற்காலையில் எஞ்சினைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது எல்லாம் அதே கடமையின் வேறு வடிவங்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஓசை ஆறு டெசிபல் இறங்கும், அதற்கு ஒரு கிலோ எஃகும் தேவையில்லை. ஜெர்மனியில் சில சிறு விமானத் தளங்களில் ஓசை கூடிய விமானங்கள் வார இறுதியில் குறிப்பிட்ட நேரங்களில் பறக்கத் தடை உண்டு, ஓசை குறைந்தவற்றுக்குச் சலுகை உண்டு. அமைதியாகப் பறப்பவருக்கு வானம் அதிக நேரம் திறந்திருக்கும் என்ற இந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும். கோவில்பட்டியில் பள்ளி வருமானால் முதல் நாளிலிருந்தே இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

புகைக்குழாயை அடக்கிவிட்டால் ஓசை முழுதும் ஒழிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புரொப்பெல்லர் மிஞ்சும். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் 2700 சுற்றில் சுழன்றால் அதன் முனை நொடிக்கு 254 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது, ஓசையின் வேகத்தில் ஏறத்தாழ முக்கால். குழாயின் அலறலுக்குள் மறைந்திருந்த அந்த இரைச்சல், குழாய் அடங்கிய பிறகு தனியே கேட்கும். ரோட்டரி எஞ்சினுக்கு எப்படியும் பற்சக்கரப் பெட்டி வைத்துத்தான் சுற்றைக் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பு விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி, புரொப்பெல்லரை இன்னும் மெதுவாகச் சுழலவிட்டால் அதுவும் தணியும்.

விமானம் கட்டத் தொடங்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சைலன்சருக்கான இடத்தையும் எடையையும் வரைபடத்தின் முதல் தாளிலேயே ஒதுக்கிவிடுங்கள். முதலில் பறந்து பார்ப்போம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எஞ்சின் உறைக்குள் கை நுழையக்கூட இடம் இருக்காது. பறக்கத் தொடங்கியதும், ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒருவரை ஒலிமானியோடு நிற்கச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் எண்ணை விமானத்தின் பதிவேட்டில் எடைக்கும் எரிபொருளுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த எண்ணும் உங்கள் கணக்குதான்.